வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஜங்ஷன் லாட்ஜ்: வாடகை குறைந்திருக்கிறது, சுவர் காயவில்லை

திருநெல்வேலி ஜங்ஷனில், ஆற்றுப் பக்கமாக, நாங்கள் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் கீழ்த்தள அறைகளின் வாடகையைக் குறைத்துவிட்டார்கள். 1,400 ரூபாய்க்குப் போன டபுள் ரூம் இப்போது 950. மாடி அறைகளுக்கு அதே பழைய வாடகைதான். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "நீதான் வருசா வருசம் பண்டிகைக்கு அங்க போறியே, இப்ப எப்படி இருக்கு, கீழ ரூம் போடலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் எல்லாருக்கும் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். லாட்ஜின் பெயரைப் போடவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு என் எழுத்தால் ஒரு சங்கடமும் வரக்கூடாது என்பதுதான் காரணம்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு இருந்த வீட்டை அப்பா காலமான பிறகு விற்றுவிட்டோம். இப்போது இருப்பது கோயம்புத்தூரில். ஆனால் கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனை என்றால் அம்மாவுக்கு அது பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில்தான். 1826-ல் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. அம்மாவுக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அங்கேதான் நடந்தன. சொந்தக்காரர் வீடுகளில் பண்டிகை நேரத்தில் ஏற்கெனவே பாய் விரிக்க இடம் இருக்காது. அதில் நாமும் போய் நெருக்க வேண்டாமே என்று லாட்ஜில் தங்குவது எங்கள் பழக்கமாகிவிட்டது. பாளையில் இல்லாத லாட்ஜா என்று கேட்பார்கள். இருக்கின்றன, புதிதாக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அம்மாவுக்கு மூட்டு வலி. இந்த லாட்ஜில் வாசலில் இரண்டே படி, அதைத் தாண்டினால் அறை வரைக்கும் சமதரை. பாத்ரூமில் கூடக் குறுக்குத் திண்டு கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று வரும். சிவப்புக் காவித் தரையில் வெறுங்காலோடு நடந்தால் மத்தியான வெயிலிலும் குளிர்ச்சி. அதெல்லாம் போக, சமையல் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பிடித்த மழையைப் பற்றி நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையை விட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் கொட்டித் தீர்த்தது. மேலே மலையிலும் மழை நிற்காததால் பாபநாசம், மணிமுத்தாறு என்று அணைகளில் இருந்து தண்ணீரைத் திறந்துவிட, தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டதை நாடே டிவியில் பார்த்தது. ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம் எல்லாம் தண்ணீர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகமே மிதந்தது. எங்கள் லாட்ஜ் எம்மாத்திரம்? ரிசப்ஷன் மேஜை வரைக்கும் ஏறிவிட்டது. கீழ்த்தளத்தில் இருந்த மெத்தை, ஃபிரிட்ஜ், ஸ்டோர் ரூம் அரிசி, உளுந்து, ரிஜிஸ்டர் நோட்டு எல்லாம் போய்விட்டன.

அந்த இரண்டு நாளும் மாடியில் தங்கியிருந்தவர்களுக்குச் சமையற்காரரும் வாட்ச்மேனும் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி மேலே கொண்டுபோய் உப்புமாவும் கஞ்சியும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் இருந்து ஓடி வந்தவர்களுக்கும் அதே பாத்திரத்தில் இருந்துதான். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. இதை எனக்கு அவர்கள் சொல்லவில்லை. அப்போது அங்கே மாட்டிக்கொண்ட ஒரு மருந்துக் கம்பெனி ரெப் அடுத்த வருடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

எங்களுக்கு 23-ஆம் தேதியில் இருந்து அறை போட்டிருந்தது. செல்போன் டவர்கள் வேலை செய்ய ஆரம்பித்த உடனேயே மேனேஜர் அண்ணாச்சி கூப்பிட்டார். "ஆச்சிகிட்ட சொல்லிருங்க அக்கா, இந்த வருசம் இங்க ஒண்ணுமில்ல, எல்லாம் சகதியாக் கெடக்கு." அன்றைக்குச் சாயங்காலமே அட்வான்ஸ் பணம் முழுசும் என் கணக்குக்கு வந்துவிட்டது. தன் கடை மூழ்கிக் கிடக்கும்போது அடுத்தவர் அட்வான்ஸை நினைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற ஆட்கள் அவர்கள். நான் இனிமேல் என்ன குறை சொன்னாலும் இதையும் கூடவே வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டிலும் ஸ்டார் கட்டவில்லை. புதுத்துணிக்கு எடுத்து வைத்த பணம் போர்வையாகவும் பாயாகவும் வெள்ளத்தில் மூழ்கிய ஏரல் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம், 2024 கிறிஸ்மஸுக்குப் போனோம். போவதா வேண்டாமா என்று கடைசி வரைக்கும் இழுபறிதான். ஏனென்றால் அந்த டிசம்பர் நடுவிலும் மழை பிடித்து, தாமிரபரணி மறுபடியும் பெருகி, குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது. இந்த முறை லாட்ஜுக்குள் தண்ணீர் வரவில்லை, பயப்படாமல் வாருங்கள் என்றார் அண்ணாச்சி. வாசலில் பெரிய காகித ஸ்டார் தொங்கியது. முதலாளி குடும்பம் சைவப் பிள்ளைமார். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் அந்த வாசலில் ஸ்டார் உண்டு, ரிசப்ஷனில் சின்னதாக ஒரு குடில் உண்டு. பாளைக்குப் பண்டிகைக்கு வருகிறவர்கள் தங்கும் இடம் என்பதற்காகப் பெரிய முதலாளி காலத்தில் இருந்து செய்து வருகிறார்கள். வெள்ளத்தில் குடில் பொம்மைகள் போய்விட்டனவாம். புதிது வாங்கியிருந்தார்கள்.

சீர்செய்த வேலையில் நல்லது நிறைய இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மீட்டர் போர்டை முதல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு வாசல் பக்கம் ஆள் உயரத்துக்கு மேடை கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே போய்விட்டன. செப்டிக் டேங்க்குக்குத் தண்ணீர் திரும்பி வராத வால்வு. ஆற்றங்கரையில் கடை வைத்திருக்கிற எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவு யோசித்துச் செய்த வேலை. சமையலறையை மொட்டை மாடிக்கு, தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். கிரைண்டர் மோட்டார் தண்ணீரில் போனதை மறுபடி காயில் கட்டி ஓட்டுகிறார்கள். பந்தி கூடம் முதல் மாடியில். அம்மா போன்றவர்களுக்குச் சாப்பாட்டை அறைக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள், அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

அப்புறம் அந்த மூன்று மணிக் காப்பி. கிறிஸ்மஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் போகிறவர்கள் இரண்டரைக்கே எழுந்து குளிப்பார்கள். எந்த ஹோட்டலில் அந்த நேரத்துக்கு அடுப்பு எரியும்? இங்கே எரியும். வெந்நீர் வாளி வாளியாக வரும். மூன்று மணிக்குக் கதவைத் தட்டி ஒரு தூக்குவாளி நிறையச் சுக்குக் காப்பி வைத்துவிட்டுப் போவார்கள். கருப்பட்டி போட்டது. மார்கழிக் குளிரில் அதைக் குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறி, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, கொக்கிரகுளம் வழியாக, ஆலயம் இருக்கிற முருகன்குறிச்சிக்குப் போவோம். அந்தப் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தவர் சுலோச்சன முதலியார், 1843-ல் அது திறக்கப்பட்டது. எத்தனையோ வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் அதன்மேல் வண்டி ஓடுகிறது. 2024-ல் அந்தப் பாலத்தில் போகும்போது அம்மா ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொல்லி ஆற்றையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

மத்தியானம் சொதி. நெல்லைச் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுக்குப் போடுகிற சொதிச் சாப்பாடு, இந்த லாட்ஜில் கிறிஸ்மஸ் அன்று கட்டாயம் உண்டு. பண்டிகைக்குக் கறிச்சோறு தேடுகிறவர்கள் வேறு இடம் போவார்கள். எங்கள் வீட்டில் கறி 26-ஆம் தேதி சித்தி வீட்டில்தான், 25 மத்தியானம் சொதி. மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பாலில் மூன்றாம் பாலில் காய் வேகும், பாசிப்பருப்பு குழைந்து சேரும், கடைசியில் முதல் பாலை ஊற்றி நுரை கட்டும்போது இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். முருங்கைக்காய் பிளந்துகொண்டு வராமல் வெந்திருக்க வேண்டும். பக்கத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போன பிறகும் அந்த ருசியில் ஒரு இம்மி குறையவில்லை. சமையற்காரர் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது சுவருக்கு வருகிறேன். என்னை இரண்டு பண்டிகையாகத் தூங்கவிடாத சுவர்.

கீழ்த்தள அறைகளில் தரையில் இருந்து முக்கால் சுவர் உயரத்துக்கு பி.வி.சி. பேனல் அடித்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் மார்பிள் மாதிரி கோடு போட்ட பேனல். கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டால் புது லாட்ஜ் என்று நம்பிவிடுவார்கள். 2024-ல் கதவைத் திறந்து உள்ளே போனபோது எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் வாடை வர ஆரம்பித்தது. குளித்துவிட்டு ஈரத் தலையை உலர்த்தாமல் இறுக்கிக் கொண்டை போட்டுச் சாயங்காலம் அவிழ்த்தால் ஒரு புழுங்கல் வாடை வருமே, அதே வாடை. ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் குறைந்தது, சாத்தினால் வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு வீசிங். இன்ஹேலர் எடுத்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே விடிய வைத்தேன். "விடுட்டி, ரெண்டு ராத்திரிதான" என்றார் அம்மா. மூச்சு இழுக்கிற இழுப்பில் அந்த வார்த்தையே முழுசாக வரவில்லை.

காலையில் வெளிச்சம் வந்ததும் கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். தலைமாட்டுப் பக்கம் பேனல் ஓரத்தில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. விரலை வைத்து அழுத்தினால் பேனல் உள்ளே அமுங்கி, அந்த இடுக்கில் இருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பேனலைத் தாங்குகிற ரீப்பர் கட்டையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். அதற்குப் பின்னால் சிமெண்ட் பூச்சின் மேல் விரல்கடை கனத்துக்கு வெள்ளை உப்பு பூத்து, பஞ்சு பஞ்சாக உதிர்ந்து, அடியில் கோடு போட்டதுபோல் குவிந்திருந்தது. கீழே டைல்ஸும் பேனலும் சேர்கிற இடத்தில் பழுப்பு நிறத்தில் நீர்க்கசிவு. அலமாரியின் பிளைவுட் கதவு உப்பி, மூடவே மறுத்தது. அந்த வெள்ளத் தண்ணீர் வடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேனலுக்குப் பின்னால் அது இன்னும் குடியிருந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர். அத்தானிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வெள்ளம் வந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் உபயோகப்படும். தண்ணீரில் ஊறிய செங்கல் சுவர் ஒரு அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வார்களாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருடம். அதுவும் காற்றாட விட்டால்தான். இந்த லாட்ஜின் முன்கட்டு பழைய கட்டடம், செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியான சிமெண்ட் பூச்சு பூசி, அதற்கு மேல் பேனலை அடித்தால் சுவருக்கு மூச்சு விடும் வழியே கிடையாது. ஆற்றங்கரை மண், அடியில் இருந்து ஓதம் வேறு ஏறிக்கொண்டே இருக்கும். சாக்கடையும் கலந்து வந்த வெள்ளம் என்பதால் உப்பும் சேர்ந்தே ஏறும். போக வழியில்லாத ஈரம் பேனலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று பூஞ்சணம் பிடிக்கும். "வெறும் சுவரா விட்டு, சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைச்சிருந்தா ஒரு கோடையில காய்ஞ்சிருக்கும்" என்றார் அத்தான். திருநெல்வேலி வெயிலுக்கு அது ஒரு வேலையே இல்லை.

நேராக ரிசப்ஷனுக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "தெரியும் அக்கா. பெயிண்ட் அடிச்சா நிக்க மாட்டேங்கு, பொரிஞ்சு பொரிஞ்சு விழுது. சின்ன முதலாளி பாத்துட்டு, பள்ளிக்கூட லீவுக்குள்ள தொறக்கணும், பேனல் போட்டு மூடிருங்கன்னு சொல்லிட்டாக. நாங்க என்ன செய்ய?" என்றார். உடனே எங்களுக்கு மாடியில் அறை கொடுத்தார். வாட்ச்மேனும் ரூம் பையனும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாடி அறையில் ஒரு வாடையும் இல்லை. அம்மா நன்றாகத் தூங்கினார்.

நியாயமாகப் பார்த்தால் சின்ன முதலாளியின் நிலைமையும் புரிகிறது. நான்கு மாதம் வாடகை வரவில்லை. கரண்ட், பிளம்பிங், மெத்தை, டிவி என்று செலவுக்கு மேல் செலவு. எட்டு பத்துப் பேருக்குச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்திருக்கிறார், அது எனக்கு நன்றாகத் தெரியும். கீழ்த்தளத்தை ஒரு வருடம் பூட்டி வைத்துக் காய விடுங்கள் என்று நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து சொல்லலாம், வட்டி கட்டுகிறவர் அவர். எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த லாட்ஜில் மாடிப்படி ஏறும் இடத்தில், சுவரில், கறுப்புப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் "13.11.1992" என்று எழுதியிருக்கும். 92 வெள்ளம் அந்தக் கட்டடத்துக்குள் எதுவரைக்கும் வந்தது என்று பெரிய முதலாளி தன் கையால் போட்ட கோடு. ஒவ்வொரு தடவை வெள்ளை அடிக்கும்போதும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வார். சின்ன வயதில் என் தம்பி அதன் பக்கத்தில் நின்று தன் உயரத்தை அளந்து பார்ப்பான். புதிதாக வந்து தங்குகிறவர்களுக்கும் அதைக் காட்டித்தான் பேச்சே ஆரம்பமாகும். இவ்வளவு தண்ணீர் வந்தது, அப்புறமும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று அந்தச் சுவர் சொல்லும்.

அதையும் பேனல் போட்டு மூடிவிட்டார்கள்.

2023 தண்ணீர் 92-ஐத் தாண்டியதா, தாண்டவில்லையா? சமையற்காரர் ஒரு சாண் கூட என்கிறார். வாட்ச்மேன் இல்லவே இல்லை, கோட்டுக்குக் கீழேதான் நின்றது என்கிறார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் என் முன்னாலேயே வாக்குவாதம் பண்ணினார்கள். இரண்டு பேரும் அந்தத் தண்ணீருக்குள் நின்றவர்கள். சரிபார்க்க இருந்த ஒரே அளவு பேனலுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்து எப்போதாவது ஆறு ஏறினால் மெத்தையை எந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும், எந்தப் படிக்கட்டு வரைக்கும் ஆட்களை ஏற்ற வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லியிருக்கும். பெரிய முதலாளி வெள்ளத்தைச் சுவரில் எழுதி வைத்தார். மகன் வெள்ளமே வராதது மாதிரி மூடி வைக்கிறார். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். வாடை கூட அப்புறம்தான்.

போன மாதம், 2025 கிறிஸ்மஸுக்கும் போனோம். "கீழ எல்லாம் சரி பண்ணியாச்சு அக்கா, சின்ன முதலாளி சொல்லச் சொன்னாக" என்று அண்ணாச்சி சொன்னதை நம்பித்தான் கீழே அறை போட்டேன். என்ன சரி பண்ணியிருந்தார்கள்? ஒவ்வொரு அறையிலும் சுவரில் வாசனை அடிக்கும் மெஷின் மாட்டியிருந்தார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை "புஸ்" என்று மல்லிகை செண்ட் அடிக்கிறது. ஈர வாடையும் செண்டும் கலந்து வருவதற்கு வெறும் ஈர வாடையே தேவலை. விட்டிருந்த இணைப்பில் சிலிகான் பூசி அடைத்திருந்தார்கள். அதாவது, ஈரம் வெளியே போக இருந்த ஒரே இடுக்கும் போச்சு. நான் மெஷினைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன். அம்மாவை முதல் ராத்திரியே மாடிக்கு மாற்றிவிட்டோம். மறுபடியும் அதே நாற்காலி, அதே இரண்டு பேர். அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, அதைக் காட்டிக்கொள்ளாமல் தூக்கினார். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது.

லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குழியில் தண்ணீர் நின்றதில் போனது, இரண்டு வருடமாகக் கம்பிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. பேனலுக்குப் போட்ட பணத்தை லிஃப்டுக்குப் போட்டிருந்தால், கீழ்த்தளத்தைக் காய விட்டுவிட்டு வயசானவர்களை எல்லாம் மாடியிலேயே தங்க வைத்திருக்கலாம். இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன், சின்ன முதலாளியிடமும் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பாக்குதேன் அக்கா" என்றார். கீழ் ரூம் வாடகையைக் குறைத்தது அதற்குப் பிறகுதான்.

என்ன செய்யலாம் என்றும் சொன்னேன். முழுப் பேனலையும் கழற்ற மனசு வரவில்லை என்றால், மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் அறுத்து விடட்டும், காற்று ஏறி இறங்கும். சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசட்டும். உதிர்கிற உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கட்டும், கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பங்குனி, சித்திரை வெயிலில் கீழ் அறைகளை வாடகைக்கு விடாமல் ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அத்தான் சும்மா வந்து பார்த்துச் சொல்லவும் தயாராக இருக்கிறார்.

மற்றவை சுருக்கமாக. காவித் தரை போய் வழுவழு டைல்ஸ், ஈரக் காலோடு நடந்தால் வழுக்குகிறது, வயசானவர்கள் ஜாக்கிரதை. வைஃபை பரவாயில்லை. துண்டும் விரிப்பும் சுத்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனாலும் முகம் சுளிக்காமல் கதவைத் திறக்கிறார்கள். வண்டி நிறுத்த இடம் குறைவு, ஜங்ஷனில் அது எங்கேயும் அப்படித்தான்.

முடிவு என்ன என்றால், கீழ் அறை 950 ரூபாய்க்கு வேண்டாம், 500 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மூச்சுத் தொந்தரவு இருக்கிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் அந்தப் பக்கமே போகாதீர்கள். படி ஏற முடிகிறவர்கள் மாடியில் ஆற்றுப் பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள், 24-ஆம் தேதி ராத்திரியே சுக்குக் காப்பிக்குச் சொல்லி வையுங்கள், 25 மத்தியானம் சொதிக்கு ஒரு மணிக்குள் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். அந்தச் சாப்பாட்டுக்கும் அந்த மனுஷர்களுக்கும் தென்மாவட்டத்தில் இணை கிடையாது.

நான் அடுத்த கிறிஸ்மஸுக்கு அங்கே அறை போடவில்லை. கிளம்புகிற அன்றைக்கே அடுத்த வருடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை கொடுக்கவில்லை. அண்ணாச்சி ரசீது புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். மாடிப்படிப் பக்கம் இருக்கிற அந்த ஒரு பேனலையாவது கழற்றி, 92 கோட்டுக்குப் பக்கத்தில் 2023-க்கும் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அன்றைக்கே பணம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாளையில் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் ஓடுகிற வேறொரு லாட்ஜில் இரண்டு அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.